மலையில்லாத ஊரில் இரண்டு மலை

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி ஒன்று கீறச் சொன்னால் முப்பது கொப்பியிலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியில் ஓர் ஆறு, கரையில் சாய்ந்த தென்னை. கிளிநொச்சியில் எங்கே மலை? இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றாலும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீரும் வயலும் காடும்தான். பதினாறு வருஷமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். அந்த இரண்டு மலையை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை.

போன தவணை துருக்கி ஓவியர் ஹொஜா அலி ரிசாவின் பென்சில் படங்கள் சிலவற்றைப் போனில் வைத்துக் காட்டினேன். 1858இல், இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கும் உஸ்குதாரில் பிறந்தவர். தகப்பன் குதிரைப்படை அதிகாரி. மகனும் ராணுவப் பள்ளியில் படித்து 1884இல் அதிகாரியாக வெளியே வந்தார். அப்புறம் அங்கேயே சித்திரம் படிப்பித்தார். ஹொஜா என்றால் வாத்தியார். அதனால்தான் எனக்கு அவரில் ஒரு பட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வாங்கில் இருந்து ஒருத்தன் கேட்டான்: "சேர், ஆமிக்காரர் படமும் கீறுவினமோ?"

வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பாரம் அப்படி. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கமெரா கையில் இல்லாத காலத்தில் நிலத்தைக் கண்ணால் அளந்து தாளில் இறக்கத் தெரியாதவன் அதிகாரியாக முடியாது. மேடு எங்கே, பள்ளம் எங்கே, பீரங்கியை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அப்போது துருக்கியை ஆண்ட ஒஸ்மானியர் ராணுவப் பொறியியல் பள்ளியில் சித்திரத்தைப் பாடமாக வைத்தார்கள். துருக்கியில் மேற்கத்திய முறையில் கீறிய முதல் தலைமுறையில் கனபேர் பட்டாளத்துக்காரர்தான். அவர்களில் சிலர் புகைப்படத்தைப் பார்த்தே நிலக்காட்சி கீறினார்கள். அலி ரிசா தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவரை இத்தாலியில் நாப்போலிக்கு அனுப்பிப் படிப்பிக்க ஏற்பாடு நடந்ததாம். அந்த நேரம் அங்கே கொலரா. பயணம் நின்றுபோனது. போயிருந்தால் என்ன கீறியிருப்பாரோ தெரியாது. போகாதபடியால் உஸ்குதாரின் மரவீடுகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஒடுங்கின தெருக்களையும் திரும்பத் திரும்பக் கீறினார். 1909இல் தொடங்கின ஒஸ்மானிய ஓவியர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1930இல் செத்தது உஸ்குதாரிலேயே.

சரி, கதை காணும் என்று அடுத்த கிழமை வகுப்பைக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குத் தெரியாததைக் கீறக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஒரு பிள்ளை அப்படியிருந்தும் தூரத்தில் சின்னதாய் ஒரு மலை வைத்தது. "மேகம் சேர்" என்றது. விட்டுவிட்டேன்.

ஆமிக்காரரைப் பற்றிக் கேட்டவன் தனியாகப் போய் ஒரு பனைக்கு முன்னால் குந்தியிருந்தான். யுத்தத்தில் செல் பட்டுத் தலை போன பனை. வட்டு இல்லை, ஓலை இல்லை, கறுத்த மரம் மட்டும் நிற்கிறது. அடியில் இருந்து நேராகக் கோடு இழுத்துக்கொண்டு வந்தவன் மேலே வந்ததும் நின்றுவிட்டான்.

"சேர், தலை வைக்கிறதோ, விடுறதோ?"

"உனக்கு என்ன தெரியுது?"

கொஞ்ச நேரம் பார்த்தான். உச்சியில் இருந்து ஒரு முழம் கீழே ஒரு பொந்து. அதற்குள் இருந்து பச்சைத் தலை ஒன்று வெளியே நீண்டு எங்களைப் பார்த்தது. செத்த பனைப் பொந்திலும் கிளி கூடு வைக்கும். அவன் அவசர அவசரமாகப் பென்சிலைச் சீவினான்.

"ஐயோ, பறந்திட்டுது சேர்."

"பரவாயில்லை, பொந்தைக் கீறு."

அழுத்திக் கறுப்பாக்கினதில் தாள் கிழிந்தது. வேறு தாள் கேட்டான்.