அக்னி வசந்தமும் எல்லையில் நிற்கும் பிள்ளையும்

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் இந்த 2025ஆம் ஆண்டு கிருஷ்ணன் தூது கூத்து மே 7ஆம் தேதி இரவு நடந்தது. அன்று விடிவதற்கு முன்புதான் இந்தியப் படைகள் பாகிஸ்தானிலும் அந்நாட்டின் பிடியில் உள்ள காஷ்மீர்ப் பகுதியிலும் 9 இடங்களைத் தாக்கியிருந்தன. விழாவுக்கு நாள் குறித்தது பங்குனியில். அப்போது காஷ்மீரின் பஹல்காம் என்ற பெயரை எங்கள் ஊரில் அறிந்திருந்தவர்கள், அந்தப் பக்கம் காவல் நின்றுவிட்டு வந்த சில முன்னாள் ராணுவத்தினர் மட்டுமே.

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. பக்கத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவரையாவது படைக்கு அனுப்பிய ஊர் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். எங்கள் ஊருக்கு அந்த அளவு பெயர் இல்லை என்றாலும், தெருவுக்கு நான்கு வீட்டிலாவது சீருடை அணிந்த ஒருவரின் படம் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கும். என் அப்பா 1969இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 போரின்போது மேற்கு எல்லையில் இருந்துவிட்டு, 17 ஆண்டு பணி முடித்து ஹவில்தாராகத் திரும்பியவர். நான் படித்தது அவருடைய ஓய்வூதியத்தில். கிணற்றை ஆழப்படுத்தியதும் அதே பணத்தில்தான். ஆகவே நாட்டுப் பாதுகாப்பு பற்றிய என் கருத்துகள், செய்தித்தாளில் படித்து வந்தவற்றைவிட எங்கள் கூடத்தில் கேட்டு வளர்ந்தவையாகவே அதிகம் இருக்கும்.

இந்த ஆண்டுச் சித்திரை நல்ல சித்திரை. வேம்பு பூத்துத் தெருவெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. புத்தாண்டன்று பச்சடிக்குப் போக மீதிப் பூவை அம்மா முறத்தில் உலர்த்தி டப்பாவில் போட்டுவைத்தார். மலைப்பக்கம் இரண்டு கோடை மழை இறங்கியதால் கிணறு முற்றிலும் வற்றவில்லை. தையில் விதைத்த மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் பருவத்துக்கு வந்திருந்தது. பகலில் கொல்லையில் செடி பிடுங்கி, புங்க மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வதும், மாலையில் குளித்துவிட்டுக் கோயில் திடலில் பாரதக் கதை கேட்பதும், இரவு விடிய விடியக் கூத்துப் பார்ப்பதுமாக இந்த ஊர் ஆண்டில் இருபது நாள் வாழ்கிறது. வட மாவட்டங்களில் வசந்தம் என்றால் அதன் பொருள் இதுதான். இங்கே பாரதப் போர் சித்திரையில்தான் மூளும்.

எங்கள் தெருவில் இருந்து போன பிள்ளை ஒருவன் ஜம்மு பக்கம் இருக்கிறான். அக்னிவீரன், அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கான அக்னிபத் திட்டத்தில் 2023இல் சேர்ந்தவன். அவனுடைய அம்மா எனக்குத் தங்கை முறை. மே 7 காலையில் இருந்து அவனுடைய கைப்பேசி அணைந்தே கிடந்தது. வழக்கமாக ஆய்ந்த காய்க்குப் படிக்கணக்கில் கூலி வாங்குகிறவள் அன்று எத்தனை படி அளந்தார்கள் என்பதைக் கவனிக்கவே இல்லை. இரவு கூத்துக்கு வந்து, பாயின் ஓரத்தில், தூங்கும் சின்னவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் கிருஷ்ணன் துரியோதனன் சபையில் நின்று, பாதி நாடு இல்லையென்றால் ஐந்து ஊர் கொடு, ஐந்து ஊர் இல்லையென்றால் ஐந்து வீடாவது கொடு என்று படிப்படியாக இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஆண்டும் அந்த இடத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் கேலிக்குச் சிரிக்கும் கூட்டம் இம்முறை சிரிக்கவில்லை.

பஹல்காமில் ஏப்ரல் 22 அன்று 26 பேரைக் கொன்றவர்களும், அவர்களை அனுப்பியவர்களும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் சிறிதும் இல்லை. சுற்றுலா வந்தவர்களை மதம் கேட்டுச் சுட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற முயன்ற குதிரைக்காரர் சையத் அடில் ஹுசைன் ஷாவையும் கொன்றார்கள். இதற்கு ஓர் அரசு பதில் சொல்லாமல் இருக்க முடியாது. என் மனத்தாங்கல் பதிலடியைப் பற்றியது அன்று. அந்த நான்கு நாள் நாம் போரைப் பேசிய விதத்தைப் பற்றியதும், போருக்கு அனுப்பும் பிள்ளைகளை நாம் நடத்தும் விதத்தைப் பற்றியதும் ஆகும்.

மே 8 இரவு எங்கள் திடலில் அபிமன்யு சண்டை. அதே இரவில் சில தொலைக்காட்சிகள் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. ஆனால் அந்த இரவு முழுவதும் பின்னணி இசையோடும் சைரன் ஒலியோடும் அந்தப் பொய் ஓடியது. தேநீர்க் கடையில் அதைக் கைதட்டிப் பார்த்த இளைஞர்களும் இருந்தார்கள். என் தங்கை முறைக்காரி அந்தக் கடை வாசலில் நின்று, எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கராச்சி எங்கே, ஜம்மு எங்கே என்பது அவளுக்குத் தெரியாது. எல்லையில் பிள்ளையை வைத்திருக்கும் ஒருத்திக்குப் போர்க்கால இரவில் பொய்ச் செய்தி சொல்வது என்ன வகை நாட்டுப்பற்று என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எதிரிக்கு நம் நிலைமை தெரியக் கூடாது என்று தகவலை மறைப்பது வேறு; நம் மக்களுக்கு நடக்காததை நடந்ததாகச் சொல்வது வேறு. முன்னதற்குப் போரில் இடமுண்டு. பின்னது, நாளைக்கு அரசே உண்மையைச் சொன்னாலும் மக்கள் நம்ப முடியாத நிலையை உருவாக்கிவிடும். அதைப் பாதுகாப்புக்குச் செய்யும் கேடாகவே நான் கருதுகிறேன்.

அந்த இரவு கழிவதற்குள் எல்லைக்கோட்டில் நடந்த பீரங்கிச் சூட்டில் முரளி நாயக் இறந்தார். ஆந்திராவின் ஸ்ரீ சத்ய சாயி மாவட்டத்தில் கல்லி தண்டா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவரும் அக்னிவீரர்.

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீட்டிலேயே அதன் அடி விழுந்தது. என் அக்கா மகன் அதற்கு முன்பே ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, உடல் தகுதியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தான். கொரோனா காரணமாக இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பே நடக்கவில்லை. தேர்வுக்கு நாள் வரும் வரும் என்று விடியற்காலை நான்கு மணிக்கு ஏரிக்கரையில் ஓடிக்கொண்டே இருந்தான். புதிய திட்டம் வந்ததும் பழைய ஆள்சேர்ப்பு அனைத்தும் கைவிடப்பட்டது. தேறியவர்கள் மீண்டும் முதலில் இருந்து, நான்கு ஆண்டுப் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அவன் விண்ணப்பிக்கவில்லை. இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஓடுவதை நிறுத்திவிட்டான்.

திட்டத்துக்கு அரசு சொன்ன காரணங்களை நான் படித்திருக்கிறேன். அவற்றில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். படையின் சராசரி வயதை 32இல் இருந்து 26ஆகக் குறைக்க வேண்டும் என்றார்கள். மலைமேல் நிற்கும் படைக்கு இளமை தேவை என்பதை அப்பாவே ஒப்புக்கொள்வார். ஓய்வூதியச் செலவும் சிறியதன்று: 2025-26 ஆண்டுப் பாதுகாப்பு ஒதுக்கீடான 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஆனால் இந்த இரண்டு காரணங்களையும் வைத்துக்கொண்டு நான்கு ஆண்டு என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. கார்கில் போருக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவும் படை இளமையாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் தலைமை தாங்கிய அந்தக் குழு, 17 ஆண்டுப் பணியை ஏழு முதல் பத்து ஆண்டாகக் குறைத்து, அதன்பின் அவர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவனின் அனுபவமும் வீணாகாது; அவன் குடும்பமும் நடுத்தெருவில் நிற்காது. அக்னிபத்தோ, நான்கு ஆண்டு முடிவில் நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மீதிப் பேரை ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு அனுப்பும் திட்டம். அந்தத் தொகையில் பாதி அவர்களுடைய சம்பளத்தில் பிடித்ததே. திட்டம் வந்தபோது துணை ராணுவப் படைகளில் அறிவித்த 10 சதவீத ஒதுக்கீடு என்பது வாய்ப்புதானே தவிர உறுதி அன்று.

களத்தில் இறந்தால் அக்னிவீரனின் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் சேர்ந்து பெரும் பணம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வழக்கமான வீரனின் மனைவிக்கோ பெற்றோருக்கோ கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டுக்கு இரண்டு பேர் விழுந்தால், ஒருவர் வீட்டுக்கு மாதந்தோறும் பணம் வரும். இன்னொருவர் வீட்டுக்கு வராது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொருளாதாரக் கணக்குகள் எல்லாம் புரியவைக்க முடிந்தது. இதை மட்டும் யாராலும் புரியவைக்க முடியவில்லை. படையில் சேருவது எங்கள் பக்கம் வெறும் வேலைவாய்ப்பாக இருந்ததில்லை. அரசுக்கும் ஒரு வீட்டுக்கும் இடையில் எழுதப்படாத ஓர் உடன்படிக்கை இருந்தது: எங்கள் பிள்ளையின் இளமையை எடுத்துக்கொள், அவனுடைய முதுமையையும் அவன் இல்லாமல் போனால் அவன் வீட்டையும் நீ பார்த்துக்கொள் என்பது அது. அதை ஒரு தரப்பு மட்டும் மாற்றி எழுதிவிட்டது.

கார்கில் குழுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததாக அறிவித்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29 அன்று அது அமைக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை, சில பகுதிகள் நீங்கலாக, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுத் தகவல் எங்கே தவறியது என்று அப்போதைய அரசு தானே கேட்கவைத்தது. அதனால் படையின் மானம் போய்விடவில்லை. பஹல்காமில் தாக்குதல் நடந்த பைசரன் புல்வெளியில் அத்தனை சுற்றுலாப் பயணிகள் கூடும் பருவத்தில் காவல் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அப்படி ஒரு குழுவும் அறிக்கையும் வேண்டும். இதைக் கேட்பவரைத் தேசவிரோதி என்பது, பிள்ளையை அனுப்பியவரின் வாயை அடைப்பதற்குச் சமம்.

வாயை அடைக்கும் வேலை அந்த நாட்களில் தாராளமாகவே நடந்தது. திருமணமான ஆறாம் நாள் பஹல்காமில் கொல்லப்பட்ட கடற்படை லெப்டினன்ட் வினய் நர்வாலின் மனைவி, முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் வெறுப்பு வேண்டாம், அமைதியும் நீதியும் வேண்டும் என்று சொன்னார். அதற்காக அவரைச் சமூக ஊடகங்களில் மிகக் கீழ்த்தரமாக ஏசினார்கள். மே 10 மாலை சண்டை நிறுத்தம் அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் குடும்பத்தையும் அவ்வாறே ஏசினார்கள். முடிவெடுத்தது அரசு; அதைப் படித்துச் சொன்ன அதிகாரிக்குத் துரோகி பட்டம். இதை நான் படித்துக் காட்டியபோது அப்பா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூது போனான்னு கிருஷ்ணனை யாராவது பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். 1971 டிசம்பரில் சண்டை நின்றது என்று கேட்ட இரவு தன் பதுங்குகுழியில் இருந்த யாரும் வருத்தப்பட்டதாக அவருக்கு நினைவில்லை.

மே 10 இரவு எங்கள் திடலில் பதினெட்டாம் போர்க் கூத்து. மறுநாள் ஞாயிறு காலை படுகளம். திடலில் முப்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடையைப் பீமன் அடித்துப் பிளந்ததும், திரௌபதி கூந்தல் முடித்ததும், எப்போதும்போல் கிழவிகள் அந்த மண்ணுருவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். துரியோதனனுக்குத்தான் ஒப்பாரி. ஊரை அழித்தவன், சபையில் சேலையை இழுக்கச் சொன்னவன் என்று பத்து நாளாகக் கேட்டு அவனைத் திட்டியவர்களும் அவர்களே. இந்த வழக்கத்தை யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று எங்கள் ஊரில் எவருக்கும் தெரியாது. ஆனால் ஓர் ஆண்டுகூட விட்டதில்லை.

படுகளம் முடிந்து கூட்டம் கலையும்போது, கொல்லையில் போடுவதற்காக எல்லோரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொள்வார்கள். என் தங்கை முறைக்காரி இரண்டு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு அவன் பேசியிருந்தான். மூன்று நிமிடம் பேசினானாம். அங்கே எப்படி என்று இவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டதா, மூட்டை என்ன விலை போகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். நல்ல விலைதான் என்று பொய் சொன்னேன் அண்ணா, என்று என்னிடம் சொன்னாள். நேற்று மழை பெய்தது. இன்று காலை அவள் கொல்லையில் டிராக்டர் இறங்கியிருக்கிறது. வரப்பு ஓரத்தில் அந்த மண்ணைத் தூவிவிட்டு, ஓட்டுநரிடம் மூலையை விடாமல் உழச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.