சிஸ்பிளாட்டினின் பின்னாலேயே போங்கள்: வைவாவுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

வாய்மொழிப் பரீட்சையான வைவாவின் பெறுபேறு வந்துவிட்டது, பாஸ். அம்மா நல்லூரில் அர்ச்சனையும் செய்துவிட்டார். நெஞ்சு இலேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

தலை, கழுத்துப் புற்றுநோய்கள் ஏன் கீமோவுக்கு மசியாமல் போகின்றன என்று கேட்டால், கொப்பியில் உள்ள பட்டியலை ஒப்புவிக்காதீர்கள். ஒரு கலத்தை வரையுங்கள். பிளாட்டினம் கொண்ட கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் உள்ளே நுழைவதில் இருந்து அந்தக் கலம் சாகும் வரை எங்கெங்கே மறிபடுகிறது என்று பாருங்கள். என்னைக் கரைசேர்த்தது இது ஒன்றுதான்.

வாசலில்: செப்பை உள்ளே எடுக்கும் சி.டி.ஆர்.1 புரதம் குறைந்தால் மருந்தும் குறைவாகவே நுழையும். செப்பை வெளியேற்றும் ஏ.டி.பி.7பி புரதம் கூடினால் வந்த மருந்து வெளியே தள்ளப்படும்.
உள்ளே: கலத்தில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பிளாட்டினத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
கலத்தின் கருவில்: மருந்தால் டி.என்.ஏ.யில் விழுந்த பிணைப்பை ஈ.ஆர்.சி.சி.1 புரதம் சேர்ந்த பழுதுபார்ப்பு வெட்டி எடுத்துவிடும்.
கடைசியில்: சேதமடைந்த கலத்தைச் சாகவைக்கும் பி53 புரதத்தின் மரபணுவான டி.பி.53 கெட்டிருந்தால் சேதம் இருந்தும் கலம் இலகுவில் சாகாது.

இந்தக் கடைசிப் படியில்தான் நேரத்தைச் செலவழியுங்கள். தெல்லிப்பளைப் புற்றுநோய் வார்டில் பார்த்திருப்பீர்கள்: காலமெல்லாம் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டு, கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாத ஐயாமார். அவர்களின் கட்டிகளில் டி.பி.53 மாற்றம் சாதாரணம். எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் தொண்டைப் புற்றோ சிகிச்சைக்கு நன்றாகவே மசியும்.

பரீட்சகர் பேனையைத் தந்து, "சரி, வரைஞ்சு காட்டும்" என்றார். வரைந்து முடித்ததும் கேட்டார்: "எச்.பி.வி.யின் ஈ6 புரதமும் பி53ஐ அழிக்குதுதானே, பிறகு ஏன் வித்தியாசம்?" அங்கே மரபணு பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது, மிஞ்சிய பி53 சிகிச்சையின்போது மீண்டும் வேலை செய்யலாம், புகையிலைக் கட்டியிலோ மரபணுவே மாறிவிட்டது என்றேன். தலையாட்டினார். படம் கண்முன் இருந்தபடியால்தான் அந்தப் பதில் வாயில் வந்தது.

கட்டி மசியாததற்கான மற்றக் காரணங்களுக்கு ஒவ்வொரு வரி போதும்:
- இரத்தம் எட்டாத, ஒட்சிசன் குறைந்த கட்டியின் நடுப்பகுதி
- மேற்பரப்பில் சி.டி.44 என்ற புரதம் உள்ள புற்றுக் குருத்துக்கலங்கள்
- வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் மிகை

குழுவாகப் படிக்காதீர்கள். யாரோ வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவோம். தனியே இருந்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வரையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. சிஸ்பிளாட்டினை உடல் மேற்பரப்பின் சதுர மீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் மூன்று கிழமைக்கு ஒருமுறை என்பதை எல்லா உடம்பும் தாங்காது. சிறுநீரகமோ காதோ பாதிக்கப்பட்டு டோஸ் குறைத்த நோயாளிக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தால், உடனே மருந்தெதிர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு மருந்து முழுதாகக் கிடைத்ததா என்று முதலில் பாருங்கள்.