மின்சாரம் போனதும் தொடங்கிய மேளச்சமா

நேற்று கிளிநொச்சியில் மேளச்சமா, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரி. கோயில் வீதியில் அல்ல, அறுபது கதிரை போட்டால் நிறைந்துவிடும் ஒரு தகரக் கூரை மண்டபத்தில். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. சுவாமி வலம் வரும்போது நாலு வீதிக்கும் கேட்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்த புண்ணியவானை என்னவென்று சொல்வது? பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சத்தம் கேட்கவில்லை, திறந்த வாயைத்தான் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் மின்சாரம் போனது. பிள்ளையாருக்கு நன்றி.

யாரோ கைபேசி வெளிச்சம் பிடித்தார்கள். தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகள் தோலில் பொரிவதும், இடக்கைக் கழி அடியில் உறுமுவதும் இப்போது தனித்தனியே கேட்டன. நாதஸ்வரக்காரர் ஊதுவாயான சீவாளியை உதட்டில் நனைத்து ஒரு சுரத்தை மெல்ல இழைத்தார். அவர் மூச்செடுப்பதுகூட மூன்றாவது வரிசைக்கு வந்தது. பக்கத்திலிருந்த ஐயா தொடையில் தாளம் போட்டபடி, "தம்பி, இப்போதுதான் சமா தொடங்குகிறது" என்றார்.

தனித் தவில் உச்சத்தில் இருக்கும்போது, முல்லைத்தீவுக்கான கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப்பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. விசுவமடு வரை யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கடைசியில் ஐயாவிடம்தான் மோட்டார் சைக்கிள் இருந்தது. முன்விளக்கு இல்லை. வழி நெடுக ஐயாவின் தாளம் மட்டும் நிற்கவே இல்லை, அதுவும் கைபிடியை விட்டுவிட்டு.