இதுக்கு முன்னாடி எடுத்தது எங்க கண்ணு?

ஈரோட்டில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் பிழைப்பு. கோபி, பவானி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் என்று சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அதில் ஆகிறதைப் பொறுக்கி, ஆல்பத்தின் பக்கங்களாக ஷீட் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது. படம் எடுத்த பையன்கள் டிஸ்க்கைத் திரும்ப வாங்க வரும்போது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "எப்படிங்ணா வந்திருக்குது?"

இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. "சூப்பரா இருக்குது தம்பி" என்று சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். அல்லது குற்றப்பட்டியல் வாசிக்கலாம்: தூண் சாய்ந்திருக்கிறது, பெண்ணின் தலையிலிருந்து ட்யூப்லைட் முளைத்திருக்கிறது, போகஸ் கண்ணை விட்டுக் காதில் நிற்கிறது. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் வண்டியைக் கிளப்பும்போது, அடுத்த முகூர்த்தத்தில் எதை மாற்றிச் செய்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. முதல் பதிலில் அவனைத் தட்டிக்கழிக்கிறோம். இரண்டாவதில் நம் கண்ணை நாமே மெச்சிக்கொள்கிறோம்.

ஒற்றைப் படத்தை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. இதற்கு முன்னால் எடுத்தது எது, பின்னால் எடுத்தது எது என்று கேட்பேன். பத்திரிகைகளில் ஃபிலிம் ஓடிய காலத்தில் இது தானாகவே நடந்தது. ஒரு ரோலின் 36 படங்களும் காண்டாக்ட் ஷீட்டாக ஒரே தாளில் வரும். ஆசிரியர் வரிசையாகப் பார்த்துத்தான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். இப்போது பையன்கள் "பெஸ்ட்"டை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அதில் படம் தெரியும், எடுத்தவன் தெரியமாட்டான். வரிசையைப் பார்த்தால்தான் அவன் எங்கே நின்றான், எத்தனை நேரம் பொறுத்தான், எப்போது கிளம்பினான் என்பது தெரியும்.

உதாரணத்துக்கு ஒன்று. தாலி கட்டி முடிந்த அடுத்த நிமிடம் பல கேமராக்களில் காலியாக இருக்கிறது. ஃபைலில் பதிவாகியிருக்கும் நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கட்டும்போது சரமாரியாகச் சுட்டிருப்பார்கள், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த நேரத்தில் பையன் குனிந்து ஸ்கிரீனில் தாலி ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது அப்போதுதான். கட்டுகிற படத்தில் கை மறைக்கிறது, வெளிச்சம் தூக்கல் என்று நான் எவ்வளவு பேசினாலும் அந்த அம்மா ஆல்பத்துக்கு வரப்போவதில்லை. "கட்டி முடிச்சதும் ஸ்கிரீனைப் பாக்காத, நாலு மூஞ்சியப் பாரு" என்ற ஒரு வரி அதைவிட உருப்படியானது.

சூலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மிணி வள்ளி கும்மிப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2024-இல் கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு எங்களிடம் வரும் கும்மிப் படங்களும் கூடியிருக்கின்றன. பெரும்பாலும் கைகள் அந்தரத்தில் உறைந்து நிற்கும், அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் படத்தில் எல்லாமே கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து "ஷேக் ஆயிடுச்சு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

"என்னத்தக் காட்டோணும்னு நெனச்சே அம்மிணி?"

"சுத்தறது தெரியோணும்ங்ணா. எல்லாருங் கையப் புடிச்சு நிறுத்துன மாதிரியே எடுக்கறாங்க."

முந்தைய ஃபிரேம்களைத் திறந்தோம். ஷட்டர் வேகத்தை நொடியில் 1/500-இல் ஆரம்பித்து, 1/60-க்கு இறங்கி, கடைசியில் அசைவு கலங்கித் தெரியும் 1/15-க்கு வந்திருந்தார். படிப்படியாகத் தேடியிருக்கிறார். அதை "ஷேக்" என்று ஒதுக்கினால் அடுத்த கும்மிக்கு அவரும் 1/500-க்கே திரும்பிவிடுவார். ஆனால் படத்தில் குறை இல்லாமலும் இல்லை. பந்தல் கால்கூட இரண்டாகத் தெரிந்தது. ஆடுபவர்களோடு கேமராவும் ஆடியிருக்கிறது. எல்லாம் அசைந்தால் சுற்றுவது தெரியாது, ஏதாவது ஒன்று அசையாமல் நின்றால்தான் தெரியும். மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்த கும்மி ஆசிரியர் ஏறக்குறைய அசையாமல்தான் நின்றிருக்கிறார், கொஞ்சம் முன்னால் எடுத்த ஃபிரேம்களில் இருக்கிறார். ஜூம் செய்தபோது அவரை வெட்டிவிட்டார். "அவரை உள்ள வெச்சு, பந்தக்கால்ல தோளைச் சாச்சுக்கிட்டு, இதே 1/15-ல எடுத்துப் பாரு" என்றேன். அவர் வேண்டிய படத்தில் முக்கால்வாசி அவர் கார்டிலேயே இருந்தது.

அபிப்பிராயமே தேவைப்படாத இடங்களும் உண்டு. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்த ஒரு தம்பியின் படங்களில் காரி என்கிற கறுப்புக் காளை வெளுத்துச் சாம்பலாக இருந்தது, வெள்ளையான மயிலையோ அழுக்கேறித் தெரிந்தது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக, விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நிறமாகக் கொண்டுவரப் பார்க்கும். காரி ஃபிரேமை அடைத்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைக்க வேண்டும், மயிலைக்குக் கூட்ட வேண்டும். அதேபோல மண்டபத்து விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ கொண்டுவந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் முகம் பச்சையடித்தால் அது ஓலையும் புல்லும் திருப்பியனுப்பும் வெளிச்சம். தோப்பின் ஓரத்துக்கு, வானம் தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டால் பாதி சரியாகிவிடும். இதிலெல்லாம் ரசனை பற்றிப் பேசி நேரத்தைப் போக்கக் கூடாது. எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம்.

தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத படங்களில்தான் எனக்குச் சங்கடம். போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் வெளியூர் கேண்டிட் டீம் ஒன்று, எங்கள் கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீரை 85 எம்.எம். லென்ஸில், அதன் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 1.8-க்கு அகலத் திறந்து எடுத்திருந்தது. மாப்பிள்ளையின் இமை முடிவரை துல்லியம். பக்கத்தில் இருந்த தங்கச்சி மங்கலாகக் கரைந்துவிட்டார். அழகான படம்தான், ஆனால் அந்தச் சீரே அண்ணன் தங்கை உறவுக்காகச் செய்வது. "அப்பர்ச்சரைக் குறைங்க" என்பதல்ல நான் அவர்களுக்குச் சொன்னது. "சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர்கிட்ட, அடுத்து என்ன சீரு, யாருக்கு யார் என்ன செய்வாங்கன்னு முந்தியே கேட்டுக்குங்க" என்றேன். யார் முக்கியம் என்று தெரிந்தால் அப்பர்ச்சரை அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

மூத்தவர்களிடம் சொல்வது தனிக் கலை. ஃபிலிம் காலத்திலிருந்து ட்ரெடிஷனல், அதாவது நிறுத்தி வைத்து எடுக்கும் பழைய பாணிப் படம், எடுக்கும் அண்ணன் ஒருவர் வருவார். குரூப் போட்டோவில் அவரை அடிக்க ஆளில்லை. அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப் 8 வைத்து, மூன்று வரிசையிலும் ஒரு முகம் மறையாமல், பெரியப்பா எங்கே நிற்க வேண்டும், கோபித்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவை எங்கே நிறுத்தலாம் என்பதுவரை பார்த்து எடுப்பார். "ஒரே போஸா இருக்குது, உயிரில்லை" என்று கேண்டிட் பையன்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குரூப் போட்டோவின் வேலை அத்தனை பேரும் தெரிவது. அதைக் கேண்டிட் கணக்கில் அளந்தால் அளப்பவன்தான் தப்பு.

ஆனால் அவர் பெண் மாப்பிள்ளையை எப்போதும் அச்சு நடுவில் நிறுத்துவார். 12-க்கு 36 இன்ச் ஷீட்டில் மடிப்பு சரியாக 18-ஆவது இன்ச்சில் விழும், அங்கே ஒரு மூக்கு போய்விடும். "நீங்க தப்பா எடுக்கறீங்க" என்று சொன்னால் அடுத்த டிஸ்க் வேறு கடைக்குப் போய்விடும். "அண்ணா, இந்த ஷீட்டு மடிப்பு நம்மளக் கெடுக்குதுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்கு வேலை சுளுவாப் போயிரும்" என்றேன். பழியை ஷீட்டின் மேல் போட்டது தந்திரம்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. லைட் பிடிக்கும் பையன் பக்கத்தில் இருந்தால் இதைக்கூடச் சொல்லமாட்டேன்; அவன் வண்டியில் லைட்டை ஏற்றப் போகட்டும் என்று காத்திருப்பேன்.

எவ்வளவு பதமாகப் பேசினாலும் ஒரு விஷயத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வெயிலில் நின்று கறுத்த அப்பாவை, எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி நிறம் மாற்றும் பிரீசெட்டைப் போட்டு மாவு பூசிய மாதிரி ஆக்கிக் கொண்டுவருகிறார்கள். நெற்றிச் சுருக்கம் போய்விடுகிறது, கழுத்து மட்டும் பழைய நிறத்தில் மிஞ்சுகிறது. "இது யாரப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். அந்தப் பையன் தயங்காமல் பதில் சொன்னான்: "பார்ட்டி கேக்கறாங்கண்ணா. வெளுப்பா இல்லீன்னா மீதிக் காசு தரமாட்டேங்கறாங்க."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. படம் எடுத்தவனிடம் பேசலாம், பணம் கொடுப்பவரிடம் என் பேச்சு எடுபடாது. இப்போது எல்லோரிடமும் இரண்டு ஃபைல் கேட்கிறேன், வெளுக்க வைத்தது ஒன்று, எடுத்தபடியே ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ட்டிக்குக் காட்டுகிறேன். பெரும்பாலும் வெளுத்ததுதான் அச்சுக்குப் போகிறது.