24 ஆண்டுகள் ஒரு கட்டுக்குள் இருந்த என் டி.சி.

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு என் தமிழ்வழிச் சான்றுகள் இரண்டும் தேர்வாணைய இணையதளத்தில் ஏறிவிட்டன. இன்று கடைசி நாள். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் மதியம் சாப்பிடவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வேலூரில் நான் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

குரூப் 4 எழுதியவர்களுக்கு இந்தச் சான்று எதற்கென்று விளக்க வேண்டியதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு 2010இல் சட்டமானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். எந்தெந்தப் பள்ளியில் படித்தோமோ அங்கெல்லாம் போய்ச் சான்று வாங்க வேண்டும். என் மதிப்பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டில்தான் வாய்ப்பு இருக்கிறது.

ஒன்று முதல் ஐந்து வரை நான் படித்தது இரத்தினகிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில். பிள்ளைகள் குறைந்து அதை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்த திண்ணையில் இப்போது உர மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மூடிய பள்ளியின் பதிவேடுகள் கல்வி அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும் என்று சொன்னார்கள். முதல் நாள் அங்கே போனேன். இருக்கையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்கள் படித்தபோது இது வேலூர் மாவட்டம். அங்கே போய்க் கேளுங்கள்.” மறுநாள் வேலூரில் ஒரு அலுவலகம். “அந்த ஊர் 2019லேயே இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டதே, எங்களிடம் எதுவும் இல்லை.” என் பிறப்புச் சான்றில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கிறது. பத்தாம் வகுப்பை முடித்தபோது வேலூர் மாவட்டம். இப்போது இராணிப்பேட்டை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நான் இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்தேன்.

மூன்றாம் நாள் மீண்டும் முதல் அலுவலகம். “பள்ளியே இல்லை, சான்று யார் தருவது? ஐந்தாம் வகுப்பு டி.சி. இருந்தால் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.” ஆறாம் வகுப்பில் சேரும்போதே அதைக் கொடுத்துவிட்டேனே என்றேன். “அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை” என்று பக்கத்துக் கோப்பை இழுத்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்று ஆண்டு படிப்பு, இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்த படிப்பு, ஒரு துண்டுக் காகிதத்தில் போய்விடும் என்று நினைத்தபோது கால் நகரவில்லை.

நான்காம் நாள் மழைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பெண்கள் பள்ளியும் பூட்டியிருக்கும் என்றே நினைத்தேன். ஆறு முதல் பத்து வரைக்கான சான்றாவது எப்போது கிடைக்கும் என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டு வரலாம் என்று குடையோடு போனேன். அலுவலக அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் என்று இளநிலை உதவியாளர் அம்மாவும், பதிவறை எழுத்தரும், அலுவலக உதவியாளர் அண்ணனும் வந்திருந்தார்கள்.

என்னை உட்காரச் சொன்னார்கள். நான்கு நாட்களில் முதல் முறையாக ஒருவர் என்னை உட்காரச் சொன்னார்.

என் கதையை முழுவதும் கேட்ட அந்த அம்மா, கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “ஏம்மா, அந்த டி.சி.யைக் கொடுத்துத்தானே இங்கே சேர்ந்தாய்? கொடுத்தது இங்கேதானே இருக்கும்?” என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. டி.சி. கேட்டு என்னை விரட்டியவருக்கும் தோன்றவில்லை, அல்லது சொல்ல மனம் வரவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பள்ளியில் சேரும்போது கொடுத்த முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை அந்தப் பள்ளி கோப்பில் வைத்திருக்கும். பழைய பள்ளி மூடிப்போனாலும் அந்தக் காகிதம் அடுத்த பள்ளியில் இருக்க வாய்ப்பு உண்டு.

பதிவறை எழுத்தர் முதலில் சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்தார். 2001 ஜூன். என் பெயர், அப்பா பெயர், அவருடைய தொழில், எல்லாம் நீல மையில். சேர்க்கை எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அண்ணன் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். கயிறு கட்டிய கட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கட்டின்மேல் ஆண்டு எழுதிய அட்டை, உள்ளே சேர்க்கை எண் வரிசை. கரையான் வராமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள். காய்ந்து பொடியாக உதிர்ந்தது. முக்கால் மணி நேரம். “இதோ பார், நீதானே?” என்று எழுத்தர் நீட்டிய காகிதத்தில் என் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தைப் பார்த்தேன். பயிற்றுமொழி: தமிழ்.

ஐந்து ஆண்டுகள் இந்தப் பெண்கள் பள்ளியில் படித்தேன். பஸ் பாஸ் படிவம் வாங்க அந்த ஜன்னலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே இருந்தவர்கள் யார் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. அப்போது கட்டு கட்டியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர்கள் ஒழுங்காகக் கட்டி வைத்ததால் இவர்களால் எடுக்க முடிந்தது. கல்யாணமாகி இரண்டு முறை வீடு மாறியதில் என் கையிலிருந்த காகிதங்களில் பாதி தொலைந்துவிட்டன. அம்மா வீட்டிலும் இல்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. என் பள்ளி அலுவலகத்தில் இருந்தது.

இத்தனைக்கும் அந்த அறையில் எவ்வளவு வேலை! நான் உட்கார்ந்திருந்தபோதே கல்லூரியில் சேர்ந்த பெண் ஒருத்தி மழையில் நனைந்தபடி வந்தாள். புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் அவளுக்கு வரவில்லை. எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. சம்பளப் பட்டியலைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த அம்மா அவள் விவரத்தைத் திறந்தார். “இந்தப் பணம் நின்றால் இவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடுவார்கள்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆறு முதல் பத்து வரைக்கான சான்றிலும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவும் இருந்ததால், நான் தமிழ்வழிதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். 2006 பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலைத் தேடி எடுத்து அதையும் தீர்த்தார்கள். பிரவுசிங் சென்டரில் நிரப்பிக் கொண்டுபோயிருந்த படிவத்தில் என் முன்னெழுத்து கணவர் பெயரில் இருந்ததைக் கண்டுபிடித்தவரும் அந்த அம்மாதான். “பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். இப்படியே ஏற்றினால் சிக்கலாகிவிடும்” என்று புதுப் படிவம் எடுத்துத் தன் கையால் நிரப்பினார். நான் தனியாகப் போயிருந்தால் அந்தத் தவறோடுதான் ஏற்றியிருப்பேன். படிவத்தை நிரப்பும் முன் முன்னெழுத்தை ஒருமுறை பாருங்கள், தயவுசெய்து.

தலைமையாசிரியை சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். நாளை வா என்று சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் கேட்டார்கள், கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். மணி ஆறு. பதிவேட்டையும் பெயர்ப் பட்டியலையும் தானே ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டு, என் தொடக்கப் பள்ளி டி.சி.யின் நகலிலும் சான்றொப்பம் இட்டார். “எந்த வேலைக்கு எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார். இளநிலை உதவியாளர் என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் கண் நிறைந்தது, இந்த முறை வேறு காரணத்துக்காக.

அடுத்த நாள் அந்த நகலோடு கல்வி அலுவலகம் போனேன். இருக்கையில் இருந்தவரிடம் நிற்காமல் நேராக அதிகாரியிடம் நீட்டினேன். பதிவேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு நேற்று மதியம் சான்று கொடுத்தார்.

பள்ளியின் பெயரை எழுதலாமா என்று கேட்டதற்கு அந்த அம்மா வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டு போன இனிப்பை உள்ளே இருந்த ஆயா வரை பங்கிட்டுக் கொடுத்தார். பிறகு, தொடக்கப் பள்ளிக்காக நான் வாங்கிவந்த சான்றின் ஒரு நகலைக் கேட்டார். எதற்கு என்றேன். 2001 கட்டைப் பிரித்தபோது அதே தொடக்கப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த இன்னும் மூன்று பெண்களின் டி.சி.யைப் பார்த்தாராம். அவர்கள் வந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டுமே என்று, நகலை அந்தக் கட்டிலேயே வைத்துக் கயிற்றை இறுக்கினார்.