கிலோ நீர்மூழ்கியின் மேனியில் பார்க்க வேண்டியவை

ரஷ்ய நீர்மூழ்கிகளின் மாதிரி செய்கிறவர்கள் புராஜெக்ட் 877, 636 என்ற இரு வடிவமைப்புகளையும் ஒன்றாகவே நினைத்து ஒட்டிவிடுகிறார்கள். நேட்டோ இரண்டையுமே கிலோ என்றழைப்பதும் அதற்கு ஒரு காரணம். 877-ஐவிட 636 ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமாக நீண்டது. 1:350 அளவில் அது மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவதால், கண்ணுக்குத் தெரியும். 877-இன் தொடக்கக் காலப் படகுகளில் ஆறு இதழ்ச் சுழலி, 636-இல் ஏழு இதழ். மாதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டியில் வந்ததை அப்படியே பொருத்தாமல் எண்ணிப் பார்ப்பது நல்லது.

என்னை அதிகம் உறுத்துவது ஒலி உறிஞ்சும் ரப்பர் ஓடுகள்தான். ஓடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இந்த அளவில் அது மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பல பெட்டிகளில் குளியலறைத் தரை போல ஆழமான கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். நான் பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, இரண்டு பூச்சாகக் கொடுத்து, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து, கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியுமளவுக்குக் குறைத்துவிடுகிறேன். நீர் புகுந்து வெளியேறும் திறப்புகளுக்கு இந்தத் தயவு கிடையாது: உள்ளுடல், வெளியுடல் என இரட்டை உடல் கொண்ட படகு, இரண்டுக்கும் இடையே நீர் புகும் என்பதால் அவை உண்மையான ஓட்டைகள், ஆகவே நுண்துளையிட்டு உள்ளே கருமை பூச வேண்டும்.

படகை மேலும் கீழும் திருப்ப உதவும் முன்பக்கத் துடுப்புகள் உள்ளிழுக்கக் கூடியவை. துறைமுகத்தில் நிற்கும் படகாகச் செய்தால் மடக்கியே வையுங்கள். நம் கடற்படையின் சிந்துகோஷ் வகையும் 877-இன் ஏற்றுமதி வடிவமே என்பதால், அதைச் செய்ய விரும்புவோர் 636 பெட்டியை வாங்க வேண்டாம்.