ஏடு கைக்கு வரவே மூன்று மாதம்: எங்கள் சபையை நாங்களே ஆராய்ந்த கதை

மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணி இறங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. அதில் முதல் நான்கு மாதம் முழுக்க வீண். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வேறு சபைகளில் யார் தலையிலாவது இதே பொறுப்பு விழுந்தால் உதவும்.

எங்கள் போதகர் ஓய்வு பெறுகிறார். புதியவரை அழைக்கும் முன் சபை எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல ஐந்து பேரை நியமித்தார்கள். நியமனம் ஒரே கூட்டத்தில், ஒருமனதாக முடிந்தது. அதற்குப் பிறகு எதுவும் ஒருமனதாக நடக்கவில்லை.

முதலில் அங்கத்தினர் பதிவேட்டைக் கேட்டோம். அது செயலரின் வீட்டு அலமாரியில் இருந்தது. போய் நின்றால், "காணிக்கைக் கணக்கும் இதே கட்டில்தான் இருக்கிறது, பொருளாளர் சொல்லாமல் தர முடியாது" என்றார். பொருளாளரோ, "ஏடு என் பொறுப்பில் இல்லையே, செயலரைக் கேளுங்கள்" என்றார். இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். எங்களுக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார்கள். இப்படியே மூன்று மாதம். தவறு எங்கள் பக்கமும் இருந்தது. நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் "அனைவரும் ஒத்துழைப்பு நல்க வேண்டும்" என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியைக் காட்டி ஒரு பென்சில்கூட வாங்க முடியாது. எந்தெந்த ஏடுகள், எத்தனை வருடத்துக்கு, யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித் திருத்தி வாங்கிய மறுவாரமே கட்டு வந்து சேர்ந்தது.

ஏட்டில் 412 பெயர்கள் இருந்தன. அவர்களில் 31 பேர் உயிரோடு இல்லை. ஒருவருடைய அடக்க ஆராதனையில் நானே பாடியிருக்கிறேன்.

ஞாயிறுகளில் தலை எண்ணுவதற்கும் எதிர்ப்பு வந்தது. மூத்த மூப்பர் ஒருவர் வேதாகமத்தில் 2 சாமுவேல் 24-ஐத் திறந்துவைத்துக்கொண்டு, தாவீது ஜனங்களைத் தொகையிட்டதால் கொள்ளைநோய் வந்ததை நினைவூட்டினார். எங்கள் குழுவிலேயே இளையவளான பெண் மெதுவாகக் கேட்டாள்: "லூக்கா 15-இல் வருகிற மேய்ப்பன் எண்ணிப் பார்க்காமலா ஒரு ஆடு குறைகிறதென்று கண்டுபிடித்தான், ஐயா?" மூப்பர் சிரித்துவிட்டார். எண்ணத் தொடங்கினோம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஞாயிறுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சராசரி பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கேள்வித்தாள். இங்கேதான் பெரிய சறுக்கல். 62 கேள்விகள் தயாரித்து, பெயர் எழுத வேண்டாம் என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சிட்டோம். அதற்குக் கீழேயே வயது, ஆணா பெண்ணா, எந்த ஊழியத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டோம். பாடகர் குழுவில் முப்பது வயதுக்குட்பட்ட ஆண் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? போதாக்குறைக்கு, வாசலில் தாள்களை வாங்கிய சகோதரர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, "இதை நிரப்பவில்லையே" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "பிரசங்கங்கள் உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கின்றனவா?" என்ற கேள்விக்கு, ஓய்வு பெறப்போகும் போதகர் பத்தடி தூரத்தில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது யார் இல்லை என்று எழுதுவார்கள்? எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு நாலரை வந்தது. பரலோகத்தில்கூட அவ்வளவு திருப்தி இருக்குமா தெரியவில்லை. மொத்தக் கட்டையும் ஓரம் கட்டினோம்.

இரண்டாம் முறை கொஞ்சம் படித்துவிட்டு இறங்கினோம். ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் ஆரோக்கியமான சபைக்கு எட்டுத் தன்மைகளைச் சொல்கிறார். ஆராதனை, சிறு குழுக்கள், அன்பான உறவுகள், பிறரை வளர்த்துவிடும் தலைமை என்று போகிறது அந்தப் பட்டியல். ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் 30 பேரிடம் கேட்டு, எட்டில் எது மிகக் குறைவோ அதை முதலில் கவனி என்பது அவருடைய முறை. மரத்தொட்டியில் குட்டைப் பலகையின் உயரம் வரைதான் தண்ணீர் நிற்கும் என்பது அவர் தரும் உதாரணம். பயிருக்கு எந்தச் சத்து குறைகிறதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் விதியிலிருந்து வந்த எண்ணம் அது. அந்த எட்டையும் தலைப்புகளாக வைத்துக்கொண்டு எங்கள் கேள்விகளை மாற்றி எழுதினோம். அபிப்பிராயம் கேட்பதை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்டோம்: "கடந்த மூன்று மாதத்தில் சபையிலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தார்களா?" "நள்ளிரவில் அவசரம் என்றால் சபையில் யாரை அழைப்பீர்கள்?" தாள்களைப் பூட்டிய பெட்டியில் போடச் சொன்னோம். எங்கள் குட்டைப் பலகை, அன்பான உறவுகள். நாங்கள் குடும்பம்போல வாழும் சபை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு ஏடுகளிலும் ஒரு பாடம் இருந்தது. காணிக்கைத் தொகை வருடா வருடம் ஏறியிருந்தது. கொடுப்பவர்களின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வந்திருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் எந்தப் பொருளாளரும் வாயைத் திறக்கமாட்டார், திறக்கவும் கூடாது. எத்தனை காணிக்கை உறைகள் வந்தன என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். வளர்ச்சிக் கதையும் இப்படித்தான். இந்தியாவில் மிஷனரியாக இருந்த டொனால்ட் மெக்கவ்ரன் சபை வளர்ச்சியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: விசுவாசிகளின் பிள்ளைகளால் வருவது, வேறு சபையிலிருந்து மாறி வருவது, புதிதாக விசுவாசத்துக்கு வருவது. பத்து வருட ஏட்டை அப்படிப் பிரித்தபோது, மூன்றாவது வகையில் ஒன்பது பெயர்களுக்கு மேல் இல்லை.

பிறகுதான் வராதவர்களிடம் வந்தோம். ஏட்டை வைத்துக்கொண்டு ஜெபக்குழுத் தலைவர்களோடு பெயர் பெயராகப் போனோம். ஆறு மாதத்துக்கு மேலாக வராதவர்கள் 74 பேர். "வெளியூர் போயிருப்பார்கள்" என்று சொல்லப்பட்ட ஒரு குடும்பம் அதே தெருவில் குடியிருந்தது.

ஒவ்வொருவராக அழைத்துப் பேசத் தொடங்கினோம். பாட்டு முறை பிடிக்கவில்லை, பழைய தேர்தல் சண்டை, இப்படித்தான் பதில் வரும் என்று எதிர்பார்த்தோம். சிலர் அதையும் சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னது வேறு: "நான் வரவில்லை என்று இப்போதுதான் தெரிந்ததா?" நான் பேசிய இரண்டாவது மனிதரிடம் போதகருக்காக வாதாடப் போய்க் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். தொலைபேசியை வைத்துவிட்டார், பிறகு எடுக்கவே இல்லை. ஆகவே, எதற்கும் பதில் சொல்லாதீர்கள். திரும்ப வாருங்கள் என்று அதே அழைப்பில் கேட்காதீர்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு அம்மா, கணவர் இறந்தபின் வருவதில்லை. இருவரும் எப்போதும் சேர்ந்து உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார முடியவில்லையாம். அடக்கத்துக்கு முழுச் சபையும் போனோம். அதற்குப் பிறகு பதினாலு மாதம் யாரும் போகவில்லை. ஆதித்திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே, விதவைகள் அன்றாட உதவியில் கவனிக்கப்படவில்லை என்பதுதான். அதைச் சொல்லும் அப்போஸ்தலர் 6-ஐ எங்கள் ஜெபக்குழுவில் பாடமாக நடத்தியவன் நான். அந்த அம்மாவின் பெயர் இருந்தது என்னுடைய ஜெபக்குழுப் பட்டியலில்.

அறிக்கை எழுதும்போது ஒரு வாரச் சண்டை. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளில் நாம் செத்த சபை என்று கண்டிக்கப்பட்ட சர்தையா, வெதுவெதுப்பானது என்று கண்டிக்கப்பட்ட லவோதிக்கேயாவா என்று தொடங்க வேண்டும் என்றார் ஒருவர். அவரவர் கோபத்துக்கு ஏற்ற சபை அங்கே கிடைக்கும். எடுத்துவிட்டோம். நிர்வாகக் குழுவோ, "சிறு குறைகள் இருப்பினும் சபை நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளது" என்று முதல் வரி வேண்டும் என்றது. நாங்கள் மறுத்தோம். அந்த அம்மா சொன்னதை, அனுமதி வாங்கி, பெயரில்லாமல் முதல் பக்கத்தில் போட்டோம். சபைக் கூட்டத்தில் அறிக்கை முழுவதும் வாசிக்கப்பட்டது. ஜெபக்குழுக்களில் வராதவர்களின் பெயரை வாரந்தோறும் குறித்துவைக்க முடிவாகியிருக்கிறது. புதிய போதகரிடமும் இந்த அறிக்கையைத்தான் முதலில் கொடுக்கப்போகிறார்கள்.

ஏட்டைத் திருப்பித் தரும்படி செயலர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் 17 பேரை அழைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அது என் வீட்டு அலமாரியில்தான்.